இங்கிலாந்துக்கு எதிராக நெவில்

இங்கிலாந்துக் கால்பந்து அணி ஆடும் நாளில் கிளெனிஸ் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தோற்றால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அவள் கணவன் நெவில் மட்டும் சமையலறையில் மடிக்கணினியோடு இருப்பான். இணையப் பந்தயச் சந்தையில் ஆட்டம் நடக்க நடக்க அணிகளின் விலை ஏறி இறங்கும்; வாங்கி விற்றுச் சில்லறை பார்ப்பான். "இது வியாபாரம், சூதாட்டம் இல்ல" என்பான். அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. ஹல் நகரத்தில் நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. உலகக் கோப்பை என்றால் அவர்கள் வீட்டு சோபாவில்தான் இருப்பேன்.

இரண்டாயிரத்து ஆறு, போர்ச்சுகலோடு காலிறுதி. கோலே விழவில்லை, பெனால்டிக்குப் போனது. பெனால்டி பார்க்க கிளெனிஸுக்கு நெஞ்சு தாங்காது. தோட்டத்துக்குப் போக எழுந்தவள் சமையலறையிலேயே நின்றுவிட்டாள்.

"நெவில், இங்கிலாந்து பேருக்குக் கீழ ஏன் செவப்புல மைனஸ் போட்டிருக்கு?"

நெவில் திரையைக் கையால் மறைத்தான்.

"நம்ம ஜெயிச்சா உனக்கு நஷ்டமா? நமக்கு எதிரா பெட் கட்டிருக்கியா?"

"எல்லாத் தடவையும் கட்டுவேன், செல்லம்" என்றான் மெதுவாக. "தோத்தா நீ மொகத்தத் தூக்கி வச்சுக்குவ. ஏதாவது வாங்கிக் குடுக்கக் கையில காசு வேணாமா? போன தடவை இவங்ககிட்டத் தோத்தப்ப விட்பி கடற்கரைக்குப் போனோமே? பிரேசில்கிட்டத் தோத்தப்ப புது அடுப்பு வந்துச்சே?"

"அடப்பாவி! அந்த அடுப்புல நாலு வருஷமா சமைக்கிறேனே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் போர்ச்சுகல்காரன் அடித்தது கம்பத்தைத் தாண்டி வெளியே போனது. "ஒண்ணுக்கு ஒண்ணு! அவங்க ரெண்டு விட்டுட்டாங்க!" என்று கத்தினேன்.

"எடு அத" என்றாள் கிளெனிஸ். "இப்பவே எடு."

"இப்ப நம்ம பக்கம்தான் விலை ஏறிக் கெடக்கு. இப்ப மாத்தினா போட்டதெல்லாம் போயிடும்."

"போகட்டும். என் புருஷன் எனக்கு எதிரா உக்காந்திருக்க வேணாம்."

நெவில் அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். பிறகு விரலால் ஒரு தட்டு. கணினியை மூடிவிட்டு முன்னறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கிளெனிஸும் தோட்டத்தை மறந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்ததை நம் ஆள் கோட்டைவிட்டான். அதற்கடுத்து வந்தவனும் கோட்டைவிட்டான். போர்ச்சுகலின் கடைசிப் பந்து வலைக்குள் போனபோது பக்கத்தில் விசும்பல் கேட்டது. கிளெனிஸ்தான் என்று திரும்பினேன். நெவில்! கேஸ் குழாய் பொருத்தும் வேலையில் நாற்பது வருடம் மல்லுக்கட்டியவன், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"காசு போச்சுன்னு அழறியா?" என்றாள்.

"காச விடு. கடைசியா கோட்டைவிட்ட நம்ம பையன் மொகத்தப் பாத்தியா? இவ்வளவு மோசமா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே!"

"முப்பது வருஷமா வேற என்னத்தச் சொல்லிட்டிருந்தேன்?"

அவள் எழுந்து பர்ஸை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் மூன்று பேருக்கும் மீனும் சிப்ஸும் வாங்கி வந்தாள். நெவில் தொடவில்லை. கிளெனிஸ் ஒரு துண்டு மீனைப் பிட்டு வினிகரில் தோய்த்து அவன் வாயருகே நீட்டினாள்.

"சாப்பிடு. ரெண்டு வருஷத்துல ஐரோப்பியக் கோப்பை வந்துடும்."

அவன் வாயைத் திறந்தான். அவள் தன் பங்கையும் சாப்பிட்டு முடித்தாள்.