முங்குகிறவரின் மூச்சு

12.11.2025, புதன். இன்று ஒரு சிறிய தவறு. காலையில் எடுத்த இதய ஸ்கேனுக்கு முன்னால் மூச்சுப் பயிற்சி கொடுக்காமல் விட்டுவிட்டேன். படம் வந்துவிட்டது.

...சிறிய என்று எழுதியது சரிதானா, அபிதா பேனாவை மூடாமல் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதை அடித்துவிட்டால் வெறும் தவறு என்று நிற்கும், அது கூடுதலாகத் தெரியும், இருக்கட்டும், படம்தான் வந்துவிட்டதே. வகுப்புக்கு முன்னால் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து வாங்கிவைத்த ரசவடை தொடாமலே ஊறிக் கரைந்துகொண்டிருந்தது. பகலில் ஸ்கேன் அறையில் கூட நின்று எடுத்துப் பழக வேண்டும், மாலை வகுப்பில் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் வைத்து இதயத்தின் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டப் படிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பயிற்சி கொடுக்கும் லிஜி மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்பிறகு தனியாகவே இதய ஸ்கேன் எடுக்கலாம், அதற்காகத்தான் கொட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறாள். எதையும் வரிசை மாற்றிச் செய்யமாட்டாள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஈசிஜி ஒயர், துடிப்பைக் குறைக்க மாத்திரை, நாக்குக்கடியில் ஸ்பிரே, மூச்சுப் பயிற்சி, கடைசியில்தான் ரத்தக்குழாயைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் மருந்து. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அப்படியென்றால் இன்று ஏன்... ஏன் என்றால் அவர் சிரித்தார். இதெல்லாம் ஒரு காரணமா? ஏசுஅடிமை, கடியபட்டணத்துக்காரர், கடற்பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை முங்கி எடுக்கிறவர், கொஞ்ச நாளாகக் கரையேறும்போது நெஞ்சு பிடிக்கிறது என்று வந்திருந்தார். மூச்சை எப்படி இழுத்து நிறுத்த வேண்டும் என்று அவள் தொடங்கியதுமே, மூச்சப் புடிக்க எனக்கா சொல்லித் தாற மக்ளே, நான் வெள்ளத்துக்கு அடியில கெடந்து காலம் தள்ளுனவன்லா, நீ மிஷின ஓட்டு, ஒனக்கு மதி, போதும்னு ஆவுத வரைக்கும் நான் புடிச்சுகிட்டு கெடக்கேன் என்றார். அவளும் சிரித்துவிட்டாள். துடிப்பு அப்போதுதான் மாத்திரையில் அடங்கி வந்திருந்தது, பயிற்சி என்று இழுத்தடித்தால் மறுபடி ஏறிவிடுமோ என்றும் இருந்தது. லிஜி மேடம் பக்கத்து அறையில் ஒரு குழந்தைக்கு ஊசி ஏறாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவரைவிட நன்றாக யார் மூச்சுப் பிடிக்கப்போகிறார்கள்? பொத்தானை அழுத்தினாள். வெளியே உட்கார்ந்திருந்த மனைவி கிரேசி எழுந்து வந்து, அவரு நல்லா மூச்சு புடிச்சாராம்மா என்று கேட்டபோது, ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றாள். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை.

மாலை வகுப்பில் லிஜி மேடம், நோயாளியின் பெயரை எடுத்துவிட்ட ஒரு படத்தை எல்லாருடைய திரைக்கும் அனுப்பியிருந்தார், குழாயின் நடுவில் கோடு போடுங்க, எங்க சுருங்குதுன்னு பாருங்க. அபிதா முதலில் நுரையீரலைத்தான் பார்த்தாள். இரண்டும் படத்தின் ஓரம்வரைக்கும் விரிந்து, நடுவில் இதயம் ஒல்லியாக ஒதுங்கிக் கிடந்தது. இவ்வளவு பெரிய நுரையீரலை இன்றைக்கு ஒருமுறைதானே பார்த்தாள்... அவருடையதுதான். கை அதுபாட்டுக்குக் குழாயின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போனது, இடதுபக்கக் குழாய் சரி, கிளை சரி, வலதுபக்கக் குழாய் தொடக்கம் சரி, நடுவில் மங்கல். வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பலாக இருந்தது, ஓரம் எது, குழாய் எது என்று பிரியவில்லை, கோடு அங்கே வந்ததும் வழி தெரியாமல் நின்றது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இதயம் அசையாமல் நிற்கும் வேறு நொடிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே சாம்பல். இதயம் அசைந்ததால் வந்த மங்கல் இல்லை, மருந்தே நீர்த்துப்போயிருக்கிறது. டாக்டர் சுருக்கம் இருக்கலாம்னு எழுதியிருக்கார் என்றார் லிஜி மேடம், நாளைக்குக் கையில குழாய் விட்டு ஆஞ்சியோ பாக்கப் போறாங்க. நமக்குள்ள கேள்வி அது இல்ல. மருந்து ஏன் வெளுத்துச்சு?

ஊசி விலகியிருக்கும் என்றான் ஒருவன். நேரம் தப்பியிருக்கும் என்றது பின்வரிசை. கையில் ஏற்றும் மருந்து மேலிருந்து இதயத்துக்கு வரும், காலிலிருந்து வரும் ரத்தத்தில் மருந்து கிடையாது, அது ஒரே தள்ளாகக் கீழிருந்து ஏறிவந்து இதைக் கலக்கிவிட்டது, அங்க பாருங்க என்று லிஜி மேடம் படத்தைக் கீழே இறக்கிக் காட்டினார், எப்பம் இப்படி ஆவும்? அஜின் கை தூக்கினான். முக்கியிருப்பாரு மேடம். காலையில கக்கூஸ்ல இருந்து முக்குவோம்லா, அது மாதிரி. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சிரிக்காதிய, சவங்களா, அவன் சொன்னதுதான் சரி என்றார் லிஜி மேடம். அஜினுக்கு உற்சாகம் வந்துவிட்டது, எங்க அப்பா சிப்பிக்கு முங்கப் போறதுக்கு முன்னால பாக்கணும் மேடம் என்று எழுந்து நின்று, வாய் நிறைய மூச்சை இழுத்து, தொண்டையைப் பூட்டி, வயிற்றை இறுக்கி, கழுத்து நரம்பு கயிறாகப் புடைக்கக் கண்ணை உருட்டிக் காட்டினான், முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. ஏலே, விடுல, ஒனக்கு ஸ்கேன் எடுக்க என்னால ஆவாது என்றார் லிஜி மேடம். மறுபடி சிரிப்பு. அபிதா சிரிக்கவில்லை. காலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் கிடந்த ஏசுஅடிமையின் கழுத்தை அவள் பார்க்கவே இல்லை, துடிப்பு எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏமாற்றவில்லை. அவருக்குத் தெரிந்த மூச்சு அது ஒன்றுதான், இத்தனை வருடம் உயிரோடு கரையேற்றிய மூச்சு, அதையே அவளுக்கும் மனதாரக் கொடுத்தார். பாதி மூச்சு போதும், இறுக்க வேண்டாம், வாயைக் கொஞ்சம் திறந்தே வைங்க... இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? யாரு எடுத்ததோ, பழக்கிப் பாத்தாங்களோ என்னவோ என்று லிஜி மேடம் அடுத்த படத்துக்குப் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மேடத்தின் பெயரில்தான் மிஷினைத் திறக்கிறார்கள், இவள் எடுத்தது என்று அதில் எங்கும் இல்லை. பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை வரும், கையெழுத்து விழும். பேசாமல் இருந்தால் நாளை அவர் மணிக்கட்டில் குழாய் இறங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டுமே சுவருக்கு அப்பால் யாரோ பேசிக்கொள்வது மாதிரி இருந்தது. பயமாவது வந்திருக்கலாம்.

வகுப்பு முடிந்து வராந்தாவில் லிஜி மேடம் செருப்பை மாட்டும்போதுதான் சொன்னாள். மேடம், அந்தப் படம் நான் எடுத்தது, மூச்சுப் பயிற்சி கொடுக்கல, முங்குறவரு, பழக்கம் இருக்கும்னு நெனச்சேன். வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோல அவள் குரலே அவளுக்குக் கேட்டது. லிஜி மேடம் ஒரு செருப்போடு நின்றார். உள்ள வச்சுச் சொல்லியிருக்கலாம்லாட்டி. ஆமா மேடம். வெள்ளிக்கிழமை நான் போட மாட்டேன் கேட்டியா. சரி மேடம். இப்பம் எங்கிட்ட அழுதுகிட்டு நிக்காத. அழல மேடம். லிஜி மேடம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், அழுகையைவிட அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது. பிறகு டாக்டருக்குப் போன் போட்டார், ஆமா சார், எங்க சைடுதான், இல்ல சார், கிட்னிக்கு ஒண்ணும் இல்ல, இன்னொரு தடவை மருந்து தாங்கும், இன்னொருக்கா எடுத்துருதோம் சார். போனைப் பையில் போட்டுக்கொண்டே, குழாய நிறுத்தியாச்சு, நாளைக்கு மறுபடி ஸ்கேன், நான் பக்கத்துல நிப்பேன், நீதான் எடுக்கணும் என்றார். ஏன் என்று அபிதா கேட்கவில்லை. தண்டனையா, வேறு ஏதாவதா... கேட்டிருக்கலாம்.

வடசேரியில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துவிட்டது, ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டதால் எந்த ஊர் போகிறது என்று தெரியவில்லை, பக்கத்து சீட்டு அம்மாவின் கூடை முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. சரி, சொல்லியாயிற்று, நின்றுவிட்டது, இனி என்ன? நாளை படம் தெளிவாக வரும். வெள்ளைக் குழாய் நடுவில் எங்கும் சுருங்காமல் போகும், அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போவார், ஒன்றும் இல்லாத மனிதனை இரண்டு நாள் பயத்தில் வைத்தவள் என்று அவள் மட்டும் நிற்பாள். அல்லது சுருக்கம் நிஜமாகவே இருக்கும்... இருந்தால் டாக்டர் எழுதியதுதான் சரி, எப்படியும் அந்தக் குழாய் இறங்கத்தான் போகிறது, அவள் செய்ததால் எதுவும் மாறவில்லை, சிறிய தவறுதான். இருக்கட்டுமே... அந்த எண்ணம் மனதில் முழுதாக ஓடி முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, எது இருக்கட்டும்? யாருடைய நெஞ்சில்? எவ்வளவு நேரமாக இதை வேண்டிக்கொண்டு வருகிறாள், வராந்தாவிலிருந்தா, அதற்கும் முன்னாலா, திரையில் அந்தச் சாம்பலைப் பார்த்தபோதே தொடங்கிவிட்டதா? இல்லை, அப்படி இல்லை, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள், நினைக்க முடிந்தது, சொல் சொல்லாக, ஒப்பிப்பது மாதிரி. மற்றது யாரும் நினைக்காமலே வந்தது. கண்டக்டர் கொட்டாரம், கொட்டாரம் என்று கத்தினான்.

12.11.2025, இரவு. நாளை காலை விடிந்ததும் கிரேசியின் எண்ணுக்குப் பேச வேண்டும். ஆஞ்சியோ இல்லை, மறுபடி ஸ்கேன்தான் என்று சொல்ல வேண்டும். அவர் கடலுக்குப் போகக் கூடாது, துடிப்பை ஏற்றும் கட்டன்சாயாவும் குடிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், அவர் பிடித்த மூச்சில் குறை இல்லை, நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.