முதல் வாய்

சக்கரவர்த்தி உள்ளே நுழைந்ததும் மூலைக்கடையில் முதலில் இடம் மாறுவது பூச்சாடிதான். தெருப் பக்க ஜன்னலோர மேஜையில் இருக்கும் அந்தச் சின்னச் சாடியைத் தூக்கிப் பக்கத்து மேஜையில் வைப்பார். அங்கே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் தட்டுக்கும் தம்ளருக்கும் நடுவில் வைப்பார். பிறகு மேஜையைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போடுவார். நாற்காலியில் ஏறி நின்று, விளக்கு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். வீடு பார்க்க வந்த கொத்தனார்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார்.

சக்கரவர்த்தி என்றால் எந்த நாட்டுக்கு என்று கேட்காதீர்கள். கதவுக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். ஒருநாள் செல்போனில் உட்கார்ந்து தனக்கு ‘சுவைச் சக்கரவர்த்தி’ என்று பெயர் வைத்துக்கொண்டார். பட்டம் கொடுத்தவரும் அவர்தான், வாங்கிக்கொண்டவரும் அவர்தான், கைதட்டியவரும் அவர்தான். அன்றிலிருந்து வாராவாரம் கடைக்குப் போய், தின்பதைப் படம் பிடித்துப் போட்டுத் தீர்ப்பு சொல்கிறார். அவரைப் பின்தொடர்கிறவர்களில் பாதிப்பேர் அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். பாவம், அவர்களுக்கும் பிழைப்பு ஓட வேண்டும்.

அந்த நாக்கின் லட்சணம் அவர் மனைவிக்குத் தெரியும். ஒருநாள் அவசரத்தில் சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கண்ணை மூடி, ‘பேலன்ஸ் நல்லா இருக்கு’ என்றார். எதைக் கொடுத்தாலும் அவருக்குப் பேலன்ஸ் நன்றாகத்தான் இருக்கும். கேமரா முன்னால் கோபம் வந்தால் மட்டும் பேலன்ஸ் போய்விடும்.

அவள் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால், ஆள் மூச்சை விடுவதற்குள் அவள் வேலை முடிந்துவிடும். அப்படிப்பட்டவள்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கையில் செல்போனும் இன்னொரு கையில் வட்ட விளக்குமாக, ஒரு பீட்சாவைச் சுற்றி அரைமணி நேரம் பிரதட்சிணம் வர வேண்டியிருந்தது. ‘இன்னும் கொஞ்சம் கீழே... ஐயோ, நிழல் விழுது... தள்ளு, தள்ளு’ என்று அவர் சொல்லச் சொல்ல, சீஸ் முதலில் பொங்கும், பிறகு அடங்கும், பிறகு மெழுகாக உறையும். எல்லாம் முடிந்து அவர் ‘சரி, இப்போ சாப்பிடலாம்’ என்று உத்தரவு கொடுக்கும்போது அது பீட்சாவாக இருக்காது, அட்டைப்பெட்டியின் மூடியாக இருக்கும்.

இத்தனைக்கும் அந்த மூலைக்கடை அவள் கண்டுபிடித்தது. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க ஏசி குளிரில் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, தெருமுனையில் மாவு வேகும் வாசனை அவளை இழுத்து உட்கார வைத்தது. சின்னக் கடை. மேஜைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். பின்னால் சமையலறை, இடையில் பலகை வைத்த ஒரு ஜன்னல். அடுப்புப் பக்கத்துச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிடும் அந்தக் கொஞ்ச நேரம்தான் வாரத்திலேயே அவளுக்குச் சொந்தமான நேரம். அவள் வாழ்க்கையில் செய்த தவறுகளில் இரண்டாவது பெரியது, அந்தக் கடையைப் பற்றிக் கணவரிடம் சொன்னது. முதலாவது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்கு அடுப்புக்காரரும் அவர் மனைவியும்தான் எல்லாம். அவர் சுடுவார், அந்த அம்மா பரிமாறுவார். அடுப்புக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. பீட்சா வெந்ததும் ஜன்னல் பலகையில் வைத்து மணியைத் தட்டுவார். மனைவி அதை மேஜைக்குக் கொண்டுபோகும்போது அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்பார். சாப்பிட வந்தவர் முதல் வாய் கடிக்கும்வரை அங்கேயேதான் நிற்பார். கடித்ததும் ஒரு தலையாட்டு, திரும்பிப் போய்விடுவார். ‘எதுக்கு அண்ணே நிக்கறீங்க?’ என்று அவள் ஒருமுறை கேட்டாள். முகத்தைப் பார்த்தால்தான் அடுத்ததை எவ்வளவு நேரம் விடுவது என்று தெரியும் என்றார்.

சக்கரவர்த்தி வரத் தொடங்கியபின் அந்த மனிதர் ஜன்னலில் நின்றுகொண்டே இருந்தார். இவர் படம் எடுக்கிறார், எடுக்கிறார், இன்னும் எடுக்கிறார். அடுப்பில் அடுத்த பீட்சா கருகும் வாசனை வந்ததும் ஓடுவார், மறுபடி வந்து நிற்பார். கொஞ்ச வாரத்தில் அந்த மேஜைக்கு மட்டும் நிற்பதை விட்டுவிட்டார். காலியான ஜன்னலைப் பார்த்து அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை அடுப்புக்காரரே வெளியே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“சார், ஆறிடும் சார். ஒரே ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் எடுங்களேன்.”

அவ்வளவுதான். சக்கரவர்த்தியின் முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், அடுத்த வாரம் அந்தக் கடையை நேரலையில் நார்நாராகக் கிழிப்பதாக அறிவித்தார். மாவு சுடுகிறவன் எனக்கு எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லித் தருகிறானா என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

அவர் கிழித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தெருவில் ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே வாங்கிய பன்னை இவர் காரிலேயே மறந்துவிட்டு, மறுநாள் எடுத்துக் கடித்துப் பார்த்து, பல் உடைகிறது என்று வீடியோ போட்டார். வெட்டிப் பயல்கள் அதை ஆளுக்கு ஆள் அனுப்பினார்கள். பேக்கரியில் கூட்டம் குறைந்து, வேலைக்கு இருந்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள். பேக்கரிக்கார அம்மா இப்போது இவளைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தத் தெருவையே விட்டுச் சுற்றி நடக்கிறாள். இப்போது மூலைக்கடையும் போனால் அவளுக்கு உட்கார ஒரு சுவர் மிச்சம் இருக்காது.

அவள் கேட்டுப் பார்த்தாள்.

“அந்தக் கடையை மட்டும் விட்டுடுங்க. உங்ககிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல.”

“உனக்குப் புரியாது. தரம்னு ஒண்ணு இருக்கு. மக்களுக்கு நான் பதில் சொல்லணும்,” என்றார்.

எந்த மக்கள் இவர் வீட்டு வாசலில் வந்து பதில் கேட்டு நிற்கிறார்களோ தெரியவில்லை. குழாய் ஒழுகுகிறது என்று மாசக்கணக்காக அவள் கேட்கிறாள், அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பூச்சாடி பக்கத்து மேஜைக்குப் போயிற்று. மணி அடித்தது. அந்த அம்மா பீட்சாவைக் கொண்டுவந்து வைத்தபோது தக்காளிச் சாந்து ஓரத்தில் இன்னும் கொப்புளித்துக்கொண்டிருந்தது, ஆவி அவள் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. ‘பார்த்தும்மா, தட்டு சுடும்’ என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா. சக்கரவர்த்தி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தட்டை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். காளானை விரலால் நகர்த்தினார். மேலே இருந்த இலை வாடிவிட்டதென்று பக்கத்து மேஜைப் பெரியவரின் தட்டிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்தார். அந்தப் பெரியவர் வாயைத் திறந்தபடி கொடுத்துவிட்டார். அப்படிக் கேட்கிறவரிடம் என்னத்தைச் சொல்வது.

சீஸ் அடங்கியது. உறைந்தது. அவள் விளக்கைப் பிடித்த கை மரத்துப்போயிற்று. எல்லாம் தயார் என்று பட்டதும் நேரலையைத் தொடங்கச் சொன்னார். அவள் திரையைத் தொட்டுவிட்டு, அவர் பார்க்கும்படி செல்போனைத் திருப்பிப் பிடித்தாள்.

சக்கரவர்த்தி ஒரு துண்டைத் தூக்கினார். அது வளையாமல் நேராக நின்றது. மேஜை விளிம்பில் தட்டினார், டக் டக்கென்று சத்தம் வந்தது.

“பார்த்தீங்களா நண்பர்களே, இதுதான் இங்க பீட்சா. ஐஸ் மாதிரி இருக்கு. காலையில சுட்டதை இப்போ குடுக்கறாங்க. சொன்னா நம்மளையே அதட்டறாங்க.”

பெரியவர் கடித்ததை மெல்லாமல் பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்த அந்த அம்மா வழியிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலில் அடுப்புக்காரர் துண்டும் கையுமாக வந்து நின்றார். அந்த மனிதர் இவரைப் பார்க்கவில்லை, விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த அவளைத்தான் பார்த்தார். அதை அவளால் தாங்க முடியவில்லை. பேக்கரிக்கார அம்மா முகத்தைத் திருப்பியது ஞாபகம் வந்தது. அப்போதும் இந்த விளக்கை இவள்தான் பிடித்திருந்தாள்.

“சூடாத்தான் வந்துச்சு,” என்றாள் அவள், செல்போனுக்குப் பின்னாலிருந்து. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “ஆவி பறக்க வந்துச்சு. அரைமணி நேரமா படம் எடுத்து ஆற வச்சது நீங்கதான். அந்த பேக்கரி பன்னும் முந்தின நாள் வாங்கினது. நீங்கதான் கார்ல போட்டு மறந்தீங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசியதில்லை. இனி வீட்டில் என்ன நடக்குமோ நடக்கட்டும் என்றுதான் சொன்னாள். சக்கரவர்த்தி வெளிறிப்போனார். ஒரு நிமிஷம் அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

அந்த இரக்கம் வீணாகிவிட்டது. திரையில் சிரிப்பு முகங்கள் குபுகுபுவென்று ஏறத் தொடங்கியிருந்தன. அவருடைய கண் அங்கே போயிற்று. இதுவரை அவர் வீடியோ எதற்கும் வராத கூட்டம் வந்துகொண்டிருந்தது. வெளிறிய முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு படர்ந்தது. தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

“என் வீட்டம்மா, நண்பர்களே. இவங்க கலாய்ப்புக்கு அளவே இல்ல,” என்று கண் சிமிட்டிவிட்டு நேரலையை முடித்தார்.

முடித்த கையோடு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தார். இனி வாராவாரம் இப்படியே செய்யலாம், அவர் திட்டுவாராம், அவள் பின்னாலிருந்து மட்டம் தட்டுவாளாம், ஜோடி பிய்த்துக்கொண்டு போகுமாம்.

“கடை நல்ல கடைன்னே சொல்லிடலாம், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா நீ குரல் நடுங்காம பேசணும். இன்னொரு பீட்சா சொல்லு, இன்னொரு தடவை எடுத்துடுவோம். கொஞ்சம் கோபமா பேசு, என்ன?”

அவள் அவரையே பார்த்தாள். கடை தப்பித்துவிட்டது, அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னதை அவர் சரக்காக மாற்றிவிட்டார். எலும்பு முறிந்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள் எல்லோருடைய படத்தையும் அவள் விளக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இந்த மனிதரை எத்தனை வெளிச்சத்தில் நிறுத்தினாலும் உள்ளே எதுவும் தெரியாது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது. அதோடு, நெடுநாளாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. இவருக்குப் பயந்தா இத்தனை நாள் விளக்குப் பிடித்தோம் என்று தன்மேலேயே சிரிப்பு வந்தது.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

“அண்ணே, ஒரு காளான் பீட்சா,” என்றாள். பிறகு வட்ட விளக்கை அணைத்து, கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். அடுப்புச் சுவரை ஒட்டிய மேஜை காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டாள். சுவர் பழையபடி கதகதப்பாக இருந்தது.

சக்கரவர்த்தி செல்போனில் வந்த பாராட்டுகளைப் படித்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும்தான் நிமிர்ந்தார். அந்த அம்மா பீட்சாவோடு இரண்டு மேஜைக்கும் நடுவில் தயங்கினார். அவள் கையைத் தூக்கினாள்.

“இங்க அண்ணி.”

தட்டு வந்தது. ஜன்னலில் அடுப்புக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு துண்டைப் பிய்த்தாள், சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது, ஊதிக்கூடப் பார்க்காமல் கடித்தாள். அண்ணம் பொத்துப்போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. வாயைத் திறந்து ஆவியை விட்டு, மென்று, விழுங்கி, நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அடுப்புக்காரர் ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

“ஏய், என்ன பண்ற? இன்னும் எடுக்கவே இல்ல. விளக்கைப் பிடி, வா,” என்றார் சக்கரவர்த்தி.

“சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

“அப்போ எனக்கு?”

“உங்களுக்குத்தான் இருக்கே. படம் எடுத்து முடிச்சாச்சில்ல, சாப்பிடுங்க.”

பெரியவர் சத்தம் வராமல் சிரித்தார். பூச்சாடியை எடுத்து அவள் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் தட்டுக்குத் திரும்பினார்.

சக்கரவர்த்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்கு மடியில் கிடந்தது, பிடிக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பார்த்தார். பசி எடுத்திருக்க வேண்டும். விறைத்துக் கிடந்த துண்டை எடுத்து ஓரத்தைக் கடித்து இழுத்தார், அது லேசில் பிய்ந்து வரவில்லை. கடையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை, ஜன்னலும் காலியாக இருந்தது. கடவாயில் தள்ளி நன்றாக மென்றார். பிறகு பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார்.

“பேலன்ஸ் நல்லா இருக்கு,” என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

அவள் இரண்டாவது துண்டை எடுத்தாள். அதுவும் சூடாகவே இருந்தது.