கதவு அட்டை

அந்த முதியோர் இல்லத்தில் ஒவ்வோர் அறைக் கதவிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று அதில் இரண்டு வரி. நாளைக்கு அவருக்கே தான் யாரென்று மறந்துபோனாலும், பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. புதிதாகச் சேருகிறவரின் அட்டையைக் குடும்பத்தார்தான் எழுதித் தர வேண்டும்.

அப்பா சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது; மகள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ‘அன்பானவர். கடின உழைப்பாளி.’ அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“யாரும்மா இந்த ஆளு?”

மறதி அதற்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்டதா?

“நீங்கதாம்ப்பா.”

“நானா? இந்த வரிசையில எல்லாக் கதவுலயும் அன்பானவர்னுதான் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு டிவி ரிமோட்டுக்கு அந்த அடிதடி?”

கிண்டல்தான். போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலமெல்லாம் ஒரு நூல் ஆலையின் வாசலில் காவலுக்கு நின்ற மனிதர். ஆலையில் அவருக்குப் ‘பூட்டு’ என்றே பேர். அனுமதிச் சீட்டு இல்லையென்றால் முதலாளியின் மச்சானுக்கும் வெளியேதான் இடம். ஒருநாள் கொட்டும் மழையில் சாப்பாட்டுக் கேரியரோடு போன அம்மாவிடமே, “சீட்டு எங்கே?” என்று கேட்ட மகராசன். அம்மா தொப்பலாக நனைந்து வீடு திரும்பி, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இவரைப் போய் அன்பானவர் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் பிடிவாதக்காரர் என்று எழுதி, முன்பின் தெரியாதவர்கள் கையில் அவரை ஒப்படைத்துவிட்டுப் போகவும் அவளுக்கு மனசு வரவில்லை.

“சரி, நீங்களே சொல்லுங்க. என்ன எழுதட்டும்?”

“விதியை மீறாதவர்னு போடு. அதுல ஒண்ணும் பொய் இல்ல.”

பழையதை அடித்துவிட்டு அப்படியே எழுதினாள். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“முந்தாநாள் நீ வந்தப்ப, நீ யாருன்னு எனக்குப் பிடிபடல.”

“தெரியும்ப்பா.”

“யாரைப் பார்க்கணும்?” என்று அன்றைக்கு அவர் கேட்டதை, வழக்கமான குறும்பு என்று சொல்லியே அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

“இந்த மறதி ஒருநாள் மொத்தமா வரும். அப்ப உன்னை வாசல்லயே நிறுத்திடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? இங்க இருக்கிறவங்களும் என் பேச்சைக் கேட்டு உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அப்படியெல்லாம் ஆகாதுப்பா,” என்றாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

“பேனாவைக் கொடு.”

‘விதியை மீறாதவர்’ என்பதை ஒரே கோடாக அடித்தார். அதன் கீழே மெல்ல எழுதினார்: ‘வேண்டாம் என்று நான் சொன்னாலும், என் மகளை உள்ளே விடவும்.’

பிறகு, அனுமதிச் சீட்டுக்குப் போடுவதுபோல, கீழே கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.