மாவுக்குத் தண்டனை உண்டா

ஈஸ்டர் தேதியைக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. மார்ச் இருபத்தொன்றாம் தேதியன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை எடுத்துக்கொண்டு, அதற்கு அடுத்த ஞாயிறை ஈஸ்டர் என்று வைப்பார்கள். அதனால் பெரிய வெள்ளி எப்போதும் ஒரு பௌர்ணமிக்குப் பக்கத்திலேயே வரும். மற்ற ஊர்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. திருவண்ணாமலையில் கவனிக்காமல் இருக்க முடியாது. பௌர்ணமி என்றால் கிரிவலம். சாலைகளை அடைப்பார்கள், பேருந்துகள் ஊருக்கு வெளியே நின்றுவிடும், காவலர்கள் அத்தனை பேரும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள்.

மாறனின் விஷயம் தள்ளிப்போனதும் அதனால்தான்.

புதன்கிழமை விடியற்காலையில், பெரிய வெள்ளி ஆராதனைக்கான பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அடி அண்ணாமலையிலிருந்து அப்பாவின் குட்டியானை சரக்கு வண்டியை மாறன் ஓட்டி வந்தான். ஒரு கையில் செல்போன். சாலையோரம் சுக்குக் காப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த திருமலையை அவன் பார்க்கவே இல்லை. ஆம்புலன்ஸை அழைத்தது மாறன்தான். ஆனால் அவன் அப்பா அப்பாசாமி வந்து சேர்ந்ததும் அவனை பைக்கில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவரோடு வந்திருந்த, வண்டியை வழக்கமாக ஓட்டும் வேணு, ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு வந்த காவலரிடம், "நான்தான் சார் ஓட்டினேன்" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் வண்டியோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டு, காவலர் கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

திருமலைக்கு இரண்டு இடத்தில் கால் முறிவு. மாறனுக்கு அரசு வேலை உறுதியாகி, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. இந்த நேரத்தில் ஒரு வழக்கு வந்தால் அந்த வேலை கையை விட்டுப் போகலாம்.

வியாழக்கிழமை மதியம், வேங்கிக்காலில் இருக்கும் அவர்களுடைய சிறிய ஆலயத்தில் மாறன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். போட்ட வரிசையைத் திரும்பத் திரும்ப நேராக்கினான். முன்வரிசையில் அவன் தாய்மாமன் அன்பரசன் மறுநாள் பிரசங்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக விளக்குவார்கள். அன்பரசனுக்கு நான்காவது வார்த்தை. அவருடைய மகள் சினேகா சென்னையில் இறையியல் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்கு ஏழில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் கொஞ்சம் இருந்தது.

"மாமா," என்றான் மாறன். "ஒருத்தர் பண்ண தப்புக்கு இன்னொருத்தர் போய் நிக்கலாம்தானே?"

அன்பரசன் கண்ணாடியைக் கழற்றினார். "சிலுவையே அதுதானேடா. தண்டனை நமக்கு வரவேண்டியது. அவர் நம்ம எடத்துல நின்னு வாங்கிக்கிட்டார். ஆதியிலேர்ந்து சபை சொல்றது அதைத்தான்."

மாறனுக்கு நெஞ்சு லேசானது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"ஆதியிலேர்ந்துன்னு சொல்லாதீங்கப்பா," என்றாள் சினேகா. "நமக்காகச் செத்தார்னு ஆதியிலேர்ந்து சொன்னாங்க. எப்படி நமக்காகன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சாவு கையில மாட்டியிருந்தவங்களை மீட்டுட்டார்னு சிலர். சாவையே ஜெயிச்சுட்டார்னு சிலர். சீக்கு புடிச்ச மனுஷ சுபாவத்துக்குள்ள எறங்கி அதைக் கொணமாக்கினார்னு சிலர். பதினோராம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல, பிரபுவோட மரியாதை கெட்டா ஈடு கட்டணும்னு ஒரு வழக்கம். அதை வெச்சு ஒருத்தர் விளக்கினார். அதுலகூட ஈடுதான், தண்டனை கெடையாது. கோர்ட்டு, தீர்ப்பு, தண்டனைன்னு முழுசா ஆனது பதினாறாம் நூற்றாண்டுல, சட்டம் படிச்சவங்க கையில."

"ரெண்டாம் நூற்றாண்டுலயே, நீதிமான் ஒருத்தர் நம்ம எடத்துல நின்னார்னு எழுதினவங்க இருக்காங்கம்மா. அதுக்கும் முன்னாடி பழைய ஏற்பாட்டுலயே தீர்க்கதரிசி சொல்லிட்டார். உங்க காலேஜ்ல அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டாங்களா?"

"கிழிக்கல. அதுவும் ஒரு குரல்னு சொல்றேன். அது மட்டும்தான்னு சொல்லாதீங்க."

"அப்ப அந்தக் காலத்துல ஆட்டைப் பலி கொடுத்தது என்னாத்துக்கு? ஆட்டுத் தலைமேல கைய வெச்சுட்டுத்தானே வெட்றான்?"

சினேகா காத்திருந்தது இதற்குத்தான். எழுந்து இரண்டு நாற்காலிகளை இழுத்து எதிரெதிரே போட்டாள். "வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பாவ நிவாரண நாள். இது ஒரு ஆடு, இது ஒரு ஆடு. ஜனங்களோட பாவத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி இந்த ஆட்டுத் தலைமேல வெக்கறார் ஆசாரியர். அதை வெட்றாங்களா? இல்ல, வனாந்தரத்துக்குத் தொரத்திடறாங்க. வெட்றது அந்த ஆட்டை. அது மேல பாவம் எதையும் வெக்கல. அதோட ரத்தத்தால பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்தம் பண்றாங்க. பாவம் சுமந்தது சாகல, செத்தது பாவம் சுமக்கல. இதுல தண்டனை எங்கப்பா?"

"மத்த பலி?"

"ஆடு வாங்க வக்கில்லாத ஏழை மாவு கொண்டாந்து பாவ பலியாக் கொடுக்கலாம். மாவுக்கு யாருப்பா தண்டனை கொடுப்பா?"

அன்பரசன் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். "இதை நாளைக்கு ஆராதனைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிக்கில்லித் தொலைக்காதே."

மாறன் சிரிக்கவில்லை. அவனுக்கு இது வரலாற்றுக் கேள்வி அல்ல. மாமா ஜெயித்தால், நாளை காலை வேணு செய்யப்போவது புனிதமான காரியம். சினேகா ஜெயித்தால் அது என்ன? போட்ட வரிசையை மறுபடி இழுத்தான்.

அப்போது வேணு கடைசி அடுக்கு நாற்காலிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "இத்தோட சரி சார். நாளைக்கு வண்டி இருக்காது, நானும் இருக்க மாட்டேன். ஸ்டேஷனுக்குப் போணும்."

"பாவம் வேணு, நீ நிதானமா ஓட்றவனாச்சே," என்றார் அன்பரசன். "எப்படி ஆச்சு?"

வேணு மாறனைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டுவிட்டது.

"நான்தான் மாமா ஓட்டினேன்," என்றான் மாறன்.

ஆலயத்தின் கணக்குகளைப் பார்க்க வந்த அப்பாசாமி வாசலிலேயே இதைக் கேட்டுவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். "வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா? மச்சான், இது எங்க வீட்டு விஷயம். வேணுவே ஒத்துக்கிட்டான். கொஞ்ச நாள் கோர்ட்டு வாய்தாவுக்கு அலைவான், அவ்ளோதான்."

"லைசென்ஸைப் புடுங்கிட்டா அவன் என்ன பண்ணுவான்?" என்றார் அன்பரசன்.

"நான் பாத்துக்கறேன். வருஷா வருஷம் மேடையேறி நீங்க சொல்றதுதானே? ஒருத்தனுக்காக இன்னொருத்தன்."

அன்பரசன் கையிலிருந்த தாள்களை நாற்காலியில் வைத்தார். குரல் உயரவில்லை. "நான் சொல்ற கோர்ட்ல, தீர்ப்பு சொல்லவேண்டியவரே எறங்கி வந்து கூண்டுல நிக்கறார் மச்சான். வேலைக்காரனை அனுப்பல. உங்க புள்ளைக்காக அவ்ளோ பாசம்னா நீங்க போங்களேன்."

"எனக்கு லைசென்ஸ் இல்ல."

வேணு பக்கென்று சிரித்து, உடனே வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களாப்பா?" என்றாள் சினேகா. "இந்த உபதேசத்தைச் சொல்லிச் சொல்லித்தான் ஜனங்களுக்கு இது சகஜமாயிடுச்சு."

"உபதேசம் பண்ணல. ஆள் பண்றான். நாளைக்கு உன்னோட சாவை ஜெயிச்சார்ங்கற உபதேசத்தை வெச்சுக்கிட்டு ஒருத்தன் ஊரை அடிச்சு ஒலையில போடுவான். அப்ப என்ன சொல்லுவ?"

அப்பாவும் மகளும் மறுபடி தொடங்கிவிட்டார்கள். இருவரும் மாறனுக்காகத்தான் வாதாடினார்கள், ஆனால் அவன் அங்கே இருப்பதே மறந்துவிட்டது.

"திருமலை எங்க வரார் மாமா?" என்றான் மாறன். "கடவுள், பாவி, ஆடு எல்லாம் வருது. கால் ஒடஞ்ச ஆள் இதுல எங்க வரார்?"

சினேகா அப்பாவைப் பார்த்தாள். அன்பரசன் தாடையைத் தேய்த்தார்.

"இருக்கு," என்றார் மெதுவாக. "அடுத்தவனை ஏமாத்தினவன், முதல்ல அவன்கிட்ட ஒத்துக்கிட்டு, எடுத்ததையும் மேற்கொண்டும் அவன் கையில கொடுக்கணும். அதுக்கப்புறம்தான் ஆட்டைக் கொண்டாரலாம். பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணத்துலயே இருக்கு."

"அதுல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்," என்றாள் சினேகா.

மாறன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"வேலை போயிடும்டா," என்றார் அப்பாசாமி. அது அதட்டலாக வரவில்லை. அவர் முகம் சட்டென்று வயதாகிப் போயிருந்தது. "எவ்ளோ நாள் ஒக்காந்து படிச்ச."

மாறன் வெளியே நடந்தான்.

வேணு பின்னாலேயே வந்தார். அவர் சந்தோஷமாக இல்லை. "உனக்கு மனசு லேசாயிடும் தம்பி. நேத்து நான் சொன்னது பொய்னு ஆயிடும். அதுக்கு யாரை மெதிப்பாங்க?"

மாறன் இதை யோசிக்கவே இல்லை. "அதையும் நானே சொல்லிடறேன்ணே. எங்கப்பா சொல்லித்தான் நீங்க சொன்னீங்கன்னு."

வேணு அவனோடு சேர்ந்து நடந்தார்.

சாலை அடைக்கப்பட்டிருந்ததால் நடந்தே ஊருக்குள் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு எதிரே வந்தார்கள். ஒதுங்கி ஒதுங்கிப் போனதில் பாதி நேரம் போனது. சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்பா. எடுத்தால் திரும்பிவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்தது. எடுக்கவில்லை.

ஸ்டேஷனில் ஒரே ஒரு பெண் காவலர் இருந்தார். காணாமல் போன குழந்தை ஒன்று மேசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. வாக்கிடாக்கி இரைந்தது.

"அடி அண்ணாமலை ஆக்சிடென்டா? நாளைக்குத்தானே வரச் சொன்னாங்க. நாளைக்கே வாங்க."

"நாளைக்குன்னா வரமாட்டேன் மேடம்," என்றான் மாறன்.

காவலர் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரு?"

"வண்டி ஓட்டினவன்."

"டிரைவர் பேரு வேணுன்னு சொன்னாங்களே. அப்ப இவரு யாரு?"

மாறன் வாயைத் திறந்தான். வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. வேணு அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"இரு தம்பி," என்றார். "அதை நான்தான் சொல்லணும்."