சூப்பில் கரைத்தது

மூன்றாவது முறையாகக் கணவனின் பேண்ட் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். துணிக்கடையின் பின்னறையில் நாள் முழுவதும் ஊராருக்கு ஆல்டரேஷன் செய்கிறவள். ஒரு உடம்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். இனிமேல் பிடிக்க இடமில்லை. பின்பக்கத்துப் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

அவனுடைய அண்ணன் காலைச் சாப்பாட்டின்போது மேசையிலேயே சரிந்து இறந்த நாளில் தொடங்கியது இது. தட்டில் முட்டை பாதி தின்றபடி கிடந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான இவள் கணவன் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். அண்ணன் ஊதித் தள்ளிய சிகரெட்டுகளோ, விழுங்காமல் போட்டுவைத்த மாத்திரைகளோ அவன் மனதில் நிற்கவில்லை. முட்டை நின்றது. அன்றோடு அதை விட்டான். பிறகு பால், மீன், பயறு என்று ஒவ்வொன்றாக. ஏணியில் ஏறினால் கால் நடுங்குகிறது என்று கூட வேலை பார்ப்பவர் இவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கொலஸ்ட்ரால் சரியாத்தான் இருக்கு. சதைதான் கரையுது. ஒரு நாளைக்கு ஒரு முட்டை அவிச்சுச் சாப்பிடுங்க. காய், பயறும் சேத்துக்கங்க. எண்ணெயில பொரிச்சதைக் குறைச்சாப் போதும்."

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் யாராவது சொல்லியிருப்பாங்க," என்று வாசலிலேயே சீட்டைக் கசக்கினான்.

அடுத்த நாளிலிருந்து அவன் குடிக்கும் பூசணி சூப்பில் அவித்த முட்டை ஒன்றை மைய அரைத்துக் கலந்தாள். வாசனை தெரியாமலிருக்க மிளகைக் கூடுதலாகத் தூவினாள். மூன்றாம் வாரம் அவன் சுவரைப் பிடிக்காமல் படியேறினான். "பாத்தியா, முட்டை இல்லாமலே தெம்பு வந்துடுச்சு," என்றான். அவள் பாத்திரத்தைக் கிளறியபடி சிரித்துவைத்தாள். பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை.

இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் திருப்தியாகச் சொன்னான்: "அண்ணன் பொண்ணு குட்டிக்கும் முட்டை, பால் எல்லாத்தையும் அண்ணி நிறுத்திட்டாங்க. நான்தான் சொன்னேன். அவளுக்கும் அவங்கப்பா ரத்தம்தானே."

"வளர்ற பொண்ணாச்சேங்க அவ."

"பள்ளிக்கூடத்துல ரெண்டு தடவை மயக்கம் வந்துச்சாம். பழகிடும். என்னைப் பாருங்கன்னு சொன்னேன்."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"உங்க தெம்பு முட்டையில வந்ததுங்க. தினம் ஒண்ணு சூப்புல அரைச்சுப் போட்டேன்."

அவன் கத்தவில்லை. கரண்டியை மெல்ல வைத்துவிட்டு நெஞ்சில் உள்ளங்கையைப் பதித்தான், உள்ளே எதையோ கேட்பவன்போல.

"எனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆகலையே."

"ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது அதையல்ல என்று அவளுக்குப் புரிந்தது.

"இனிமே உன் கையால எதை நம்பிச் சாப்பிடறது?"

"சாப்பிட வேணாம். அண்ணிக்கு மட்டும் போன் பண்ணுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனான். எடுத்தது அண்ணன் மகள்.

"சித்தப்பா? அம்மா குளிக்கிறாங்க."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா கண்ணு," என்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.