ஒரு வேளை ஒரு மாத்திரை

அந்த இரண்டு அறை வடிவமைப்பு ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் அண்ணி. முறைப்படி கொழுந்தன் ஒருவனுக்குத்தான் அண்ணி. மற்றவர்களுக்கு அவனிடமிருந்து தொற்றிக்கொண்டது.

பேக்கேஜிங் விருதுக்கு வருடா வருடம் தன் பெட்டி ஒன்றை அனுப்புவாள். இறுதிச் சுற்றுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இரத்த அழுத்த மாத்திரைக்கான வெள்ளை அட்டைப் பெட்டி. பூ இல்லை, நிழல் இல்லை. எட்ட நின்றே படிக்கும்படி பெரிய எழுத்தில், முன்பக்கம் நெடுக ஒரே வரி. அந்த வரியைத்தான் நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள்.

காலையில் விருது அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். விழா மலருக்கான குறிப்பைச் சரிபார்க்க வேண்டுமாம்.

"பெட்டியில இருக்கிற வரியை அப்படியே போடுறோம் மேடம். படிக்கிறேன். ஒருவேளை ஒரு மாத்திரை."

"ஒரு, வேளை," என்றாள் அண்ணி. "தினம் ஒரு வேளை."

"அப்படியா? சேர்ந்துல்ல இருக்கு! நான்கூட, வேணும்னா போட்டுக்கலாம், இல்லாட்டி விட்டுடலாம் போலன்னு நினைச்சேன்." அந்தப் பெண் சிரித்தாள்.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். 'ரு'வின் வால் 'வே'யின் கொம்பை உரசிக்கொண்டு நின்றது. வரி ஒடியாமல் இருக்க நெருக்கியது அவள்தான். அர்த்தம் தெரிந்த கண்ணுக்கு இடைவெளி தேவைப்படவில்லை.

கொழுந்தன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யாராவது புகார் பண்ணாங்களா அண்ணி?"

"மாத்திரையை விட்டவங்க என்னன்னு புகார் பண்ணுவாங்க?"

"டாக்டர் வாயால சொல்லியிருப்பாரு."

"அப்ப எழுத்து எதுக்கு? டாக்டர் வாயையே பெட்டியில ஒட்டிடலாமே."

"விழா முடிஞ்ச மறுநாளே மாத்திடுவோம்."

"அடுத்த லாட் இன்னிக்கு அச்சுக்குப் போகுது."

"போட்டிக்குக் கொடுத்த பெட்டிதான் கடையிலயும் இருக்கணும். மாத்தினா நாம வெளிய. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

முதலில் மருந்துக் கம்பெனிக்குப் பேசினாள். அச்சை நிறுத்தச் சொன்னாள். கடைகளில் இருக்கும் பெட்டிகள்மேல் ஒட்டத் திருத்தச் சீட்டு அனுப்புவதாகச் சொன்னாள்.

"ஒரு இடைவெளிக்கா இவ்வளவு?" என்றார் அங்கிருந்த மேலாளர்.

"ஆமா சார். அதுக்குத்தான்."

அடுத்து விருது அலுவலகம். எடுத்தது அதே பெண்.

"எங்க பெட்டியைப் போட்டியிலேர்ந்து எடுத்துடுங்க."

"ஐயோ மேடம், நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"நீங்க சொன்னதுதான் சரி. எடுத்துடுங்க."

எழுத்தில் வேண்டும் என்றாள் அந்தப் பெண். அண்ணி அப்போதே மெயில் எழுதி அனுப்பினாள். அழுகை வரும்போல இருந்தது. வரட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. நாற்காலியைக் கணினித் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எழுத்தைச் சிறிதாக்க மனமில்லை. வரியை உடைத்தாள். மேலே 'ஒரு வேளை', கீழே 'ஒரு மாத்திரை'.

"மேல குட்டை, கீழ நெட்டை," என்றான் கொழுந்தன். "அப்பன் பேன்ட்டை மாட்டின பையன் மாதிரி இருக்கு."

"வாயை மூடிட்டு உட்காரு. சரி பண்ணலாம்."

உட்கார்ந்தான். நடுவில் வைத்துப் பார்த்தார்கள், மிதந்தது. 'ஒரு'வுக்கு நேர் கீழே 'ஒரு'வை நிறுத்தினார்கள். மேல் வரியில் வலப்பக்கம் இடம் காலியாகக் கிடந்தது. அதைக் காலியாகவே விட்டாள். அச்சகத்திலிருந்து கூப்பிட்டு எப்போது வரும் என்று கேட்டார்கள். முடிந்ததும் வரும் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

"இதை அடுத்த வருஷம் அனுப்பலாமா அண்ணி?"

"அனுப்புவோம். முதல்ல தெருவுல போற யாரையாவது கூட்டிட்டு வா. சத்தமா படிக்கச் சொல்லணும்."

"யாரை?"

"அவசரமா போற ஆளா பாரு."