எதிர்ப்பக்கத்து வரி

தவக்காலத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை மாலை கோயில் மணியை லஹ்தோ அடிக்கவில்லை. சாவியோடு வாசல்வரை வந்தவர், கதவைத் திறக்காமல் திரும்பி, திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே போகும் கல்பாதையில் ஏறத் தொடங்கினார்.

தூர் அப்தீன் மலையில் இருந்த அந்தச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் ஊருக்குக் கோடையில்தான் ஆள் வரும். ஜெர்மனியிலிருந்தும் சுவீடனிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து, பூட்டிய வீடுகளைத் திறந்து, கொஞ்ச நாள் சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் புகை எழும்புவது மூன்றே வீடுகளில்: லஹ்தோவின் வீடு, கோயில் சுவரை ஒட்டிய சைதேயின் வீடு, படுக்கையை விட்டு எழ முடியாத கிழத் தம்பதியின் வீடு. சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஒரே பாதிரியார். அந்த அபூனா மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களின் ஜெபத்தை லஹ்தோதான் பாடிவந்தார்.

சுரியானி ஜெபத்துக்கு இரண்டு பக்கம் வேண்டும். பீடத்துக்கு முன்னால் வலப்புறம் ஒரு புத்தக மேடை, இடப்புறம் ஒன்று. இந்தப் பக்கம் ஒரு வரி பாடினால் அந்தப் பக்கம் மறுவரி. அந்த மறுவரியைப் பாடிவந்த பர்சௌமை, முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்கவென்று மகள் ஜெர்மனிக்கு அழைத்துப் போய்விட்டாள். அதன்பின் லஹ்தோ தன் வரியைப் பாடிவிட்டு, மறுவரி வரவேண்டிய நேரம் முழுக்க வாய்மூடி நிற்பார். இரண்டையும் தானே பாட மனசு வரவில்லை. பர்சௌமின் தட்டில் கைவைத்துச் சாப்பிடுவது போலிருந்தது. கல்யாணம் கட்டாதவர் என்பதால் வீட்டில் பேச ஆளில்லாதது அவருக்குப் பழகியிருந்தது. கோயிலில் அது பழகவில்லை.

முந்தின நாள் சுவீடனிலிருந்து தம்பி போன் செய்திருந்தான். "யாருக்காகண்ணே அங்க தொண்டை கிழியப் பாடுறே? இங்க ஞாயித்துக்கிழமை கோயில்ல நிக்க இடமில்ல. கிளம்பி வா." ஈஸ்டர் முடிந்ததும் வருவதாக லஹ்தோ சொல்லிவிட்டார். அபூனாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டால் போதும், அவ்வளவுதான்.

மேட்டில் ஒரு கருவாலி மரத்தடியில் உட்கார்ந்தார். பனி உருகிய நீர் கற்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. கவனிப்பாரற்ற தோட்டமொன்றில் வாதுமை மரங்கள் வெள்ளையாகப் பூத்து நின்றன. எங்கோ ஒரு கவுதாரி கத்தியது, நிறுத்தியது. பழக்கதோஷத்தில் வாய் மாலை ஜெபத்தின் முதல் வரியை முணுமுணுத்தது. முடித்துவிட்டு, எப்போதும்போல நிறுத்தினார். இங்கே அந்த அமைதி அவரைக் குத்தவில்லை. கோயிலுக்குள் இருப்பது போய்விட்டவர்களின் அமைதி. இது யாருடையதும் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பும் இருந்தது. அடுத்த வரியைப் பாடினார், கொஞ்சம் சத்தமாகவே. கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை.

"லஹ்தோ! அடேய், உயிரோடதான் இருக்கியா?"

சைதே மூச்சுவாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். கையில் சமையல் கரண்டி. அதைக் கீழே வைக்கவும் மறந்திருந்தாள். சிறு வயதிலிருந்தே இருவருக்கும் வாடா போடாதான்.

"மணி கேக்கல. செத்துக்கித்துப் போயிட்டியோன்னு பாக்க வந்தேன்."

"செத்தா சொல்லி அனுப்புறேன். கரண்டி எதுக்கு? அடிச்சு எழுப்பவா?"

அவள் சிரிக்கவில்லை. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்தாள். "போகப்போறியாமே. உன் தம்பி அங்க இருக்கிற என் மககிட்ட சொல்லியிருக்கான்."

"மறுவரிக்கு ஆளில்ல சைதே. சுவத்துகிட்ட எத்தனை நாளைக்குப் பாடுறது?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

லஹ்தோ நிமிர்ந்து பார்த்தார்.

"நீ நிறுத்துற இடத்துலயெல்லாம் நான் பாடிக்கிட்டுத்தான் இருக்கேன், அடுப்படியில. எங்கப்பா பாடிக் கேட்டது, மறந்தா போகும்? நீ புதன்கிழமைப் பாட்டுல மூணாவது வரிய விழுங்குறே. ஒவ்வொரு வாரமும் கரண்டியாலயே ஒண்ணு போடலாம்னு வரும்."

குளிர்காலம் முழுக்க, மெழுகுவத்தி நடுங்க அவர் வாய்மூடி நின்ற அந்த நேரங்களில் எல்லாம்!

"உள்ள வந்து பாடினா என்ன?"

"எதுக்கு? பொம்பளைங்க இடம் பின்னால. அங்க நின்ன அத்தனை பேரும் போயாச்சு. தன்னந்தனியா நின்னு உன் முதுகைப் பாக்கவா?" என்றாள் சைதே. குரல் உடைந்தது. கோபமாக இருமி அதை மறைத்தாள்.

கவுதாரி மறுபடி கத்தியது. லஹ்தோ எழுந்து உடையில் ஒட்டிய சருகைத் தட்டினார். "பர்சௌம் இடத்துல வந்து நில்லு."

"அபூனா என்ன சொல்லுவாரு?"

"அபூனா அடுத்த மாசந்தான வருவாரு."

இருவரும் இறங்கினார்கள். ஈரக்கல்லில் அவள் தடுமாறியபோது கையை நீட்டினார். அவள் கரண்டியை நீட்ட, அதைப் பிடித்து இறக்கினார்.

அவர் மணியடித்து முடிக்கும்வரை சைதே வாசலிலேயே நின்றாள். பிறகு சேறு படிந்த செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்களின் இடத்தைத் தாண்டி, யாரோ தடுக்கப்போவதுபோல வேகமாக நடந்து இடப்புற மேடைக்குப் போனாள். லஹ்தோ முதல் வரியைப் பாடினார். நிறுத்தினார்.

அவள் குரல் தடித்தும் கரகரத்தும் இருந்தது. முதல் சொல்லில் பிசிறி, இரண்டாவதில் நிமிர்ந்து, கல்வளைவில் ஏறி, இறங்கியது. மறுவரி முடிந்தது.

லஹ்தோவுக்கு அடுத்த வரி வரவில்லை. புத்தகம் விரிந்துதான் கிடந்தது. எழுத்துகள் எல்லாம் நீருக்குள் கிடப்பதுபோல அசைந்தன. வெளியே மழை பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கத்தில் சைதே, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெறுங்காலோடு, அவர் வாயையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.